நாரில்லாத முழங்கை, சுழலாத பந்து

1996ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்கப் பேஸ்பால் இதழ் ஒன்றின் அட்டையில் அந்நாட்டு ஒலிம்பிக் அணியின் பந்துவீச்சாளர்கள் சேர்ந்து நிற்கும் படம் வெளியாகியிருந்தது. அந்தப் படத்தில் ஓர் இளைஞரின் வலது கை மட்டும் கொஞ்சம் விநோதமாகத் தொங்கியது. முழங்கை நேராக நீள மறுத்து, ஒரு கோணத்தில் நின்றது. படத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது தெரியவில்லை. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற தொழில்முறை அணியில் இருந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

அந்த இளைஞரின் பெயர் ஆர். ஏ. டிக்கி. அப்போது அவருக்கு வயது 21. டெனிசி பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர். அந்த ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவருடைய அணி வெண்கலம் வென்றது. ரேஞ்சர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே தேர்ந்தெடுத்து, ஒப்பந்தத் தொகையாக 810,000 அமெரிக்க டாலர் தருவதாகப் பேசி முடித்திருந்தது. படத்தைப் பார்த்த பிறகு, கையெழுத்துக்கு முன் முழங்கையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள்.

பரிசோதனை முடிவு மருத்துவர்களையே திகைக்க வைத்தது. பந்து வீசுபவருக்கு மிக முக்கியமான ஒரு பிணைநார் அவருடைய வலது முழங்கையில் இல்லவே இல்லை! பிறக்கும்போதே இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது சிறுவயதில் சிதைந்து மறைந்திருக்கலாம் என்று கருதினார்கள். 810,000 டாலர் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பின்னர் 75,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஸ்கேன் படத்தின் விலை 735,000 டாலர்!

மாணவர்களே, இது ஒரு விளையாட்டு வீரரின் கதைதான். ஆனால் இதற்குள் உயிரியலும் இருக்கிறது, இயற்பியலும் இருக்கிறது. 'ஓர் ஆதாரத்திலிருந்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம்?' என்ற அறிவியலின் அடிப்படைக் கேள்வியும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முழங்கையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். எலும்பை எலும்போடு கட்டி வைப்பது பிணைநார். மலாய்ப் பாடநூலில் 'லிகமென்' என்று வருவது இதுதான். தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். அதைத்தான் 'டெண்டன்' என்கிறோம். தேர்வில் இந்த இரண்டையும் மாற்றி எழுதுகிற மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்!

முழங்கை ஒரு கீல் மூட்டு. கதவைப் போல ஒரு திசையில் மட்டும் திறந்து மூடும். கதவைப் பக்கவாட்டில் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? கீல் பிய்ந்துவிடும். முழங்கையில் அப்படிப் பிய்ந்துவிடாமல் தாங்குவதற்காக உள்பக்கத்தில் ஒரு பிணைநார் இருக்கிறது. மேல்கை எலும்பையும் முன்கையின் உள்பக்க எலும்பையும் அது கட்டி வைத்திருக்கிறது. டிக்கியிடம் இல்லாமல் போனது இதுதான்.

பேஸ்பாலில் பந்து வீசும்போது தோள் சுழலும் வேகம் மனித உடலின் மிக வேகமான அசைவுகளில் ஒன்று. வினாடிக்கு ஏறக்குறைய 7,000 பாகை. அந்த வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்க முடிந்தால் ஒரு வினாடியில் 19 முழுச் சுற்று! அந்த நேரத்தில் முன்கை பின்தங்க, முழங்கை பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. தொழில்முறை வீரர்களின் முழங்கையில் அப்போது உண்டாகும் முறுக்குவிசை ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர்.

இந்த எண் எதைக் குறிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை 0.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60ஐ 0.3ஆல் வகுத்தால் 200 நியூட்டன். அதாவது 20 கிலோ எடை. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டை உங்கள் உள்ளங்கையில் கட்டி, முழங்கை மடங்காத பக்கமாக இழுப்பது போன்றது. ஒரு முறை அல்ல, ஓர் ஆட்டத்தில் சுமார் நூறு முறை! இந்தப் பளுவைப் பிணைநார் மட்டுமே சுமப்பதில்லை. எலும்புகளும் முன்கைத் தசைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனாலும் பெரும்பங்கு பிணைநாருக்குத்தான். அதனால்தான் பந்துவீச்சாளர்களுக்கு அது அடிக்கடி கிழிகிறது.

ஒரு காலத்தில் அது கிழிந்தால் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கையே முடிந்துவிடும். 1974 செப்டம்பர் 25ஆம் தேதி அந்த நிலை மாறியது. டாமி ஜான் என்ற வீரரின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, அவருடைய இடது முழங்கையில் பிணைநாராகப் பொருத்தினார் அறுவை மருத்துவர் ஃபிராங்க் ஜோப். 1976இல் மீண்டும் களமிறங்கிய டாமி ஜான் 1989 வரை ஆடினார். இன்று அந்தச் சிகிச்சைக்கே 'டாமி ஜான் அறுவை சிகிச்சை' என்றுதான் பெயர். அந்த அறுவை நடந்து சரியாக 34ஆம் நாள், அக்டோபர் 29 அன்று, டெனிசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் டிக்கி பிறந்தார்.

அந்த அறுவையில் பயன்பட்ட தசைநாண் உங்கள் கையிலும் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறு போல ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான். உங்கள் வகுப்பில் சிலருக்கு அது ஒரு கையில் இருக்காது. சிலருக்கு இரண்டு கையிலும் இருக்காது. பயப்பட வேண்டாம். அது இல்லாவிட்டாலும் கையின் வலு குறைவதில்லை. ஓர் உறுப்பு இல்லை என்பதும், அதன் வேலை நடக்கவில்லை என்பதும் எப்போதும் ஒன்றல்ல. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஊர் மாறி ஊர்

டிக்கிக்கு வலியில்லை. பிணைநார் இல்லாத கையாலேயே அவர் வேகமாகப் பந்து வீசிவந்தார். ஆனால் 'எப்போது வேண்டுமானாலும் உடைந்துபோகக் கூடியவர்' என்ற முத்திரை விழுந்துவிட்டது.

அமெரிக்கப் பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே பல படிகளாக மைனர் லீக் அணிகள். மேஜர் லீக்கில் பெரிய அரங்கம், பெரிய சம்பளம். மைனர் லீக்கில் சிறிய ஊர்கள், நீண்ட பேருந்துப் பயணம், குறைந்த சம்பளம். மேலே யாராவது காயம்பட்டால் கீழே இருப்பவருக்கு அழைப்பு வரும். காயம் ஆறியதும் திரும்பிப் போக வேண்டும். இப்படி அணி மாறி, ஊர் மாறி, தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படும் ஆட்டக்காரர்கள் அங்கே ஏராளம். நட்சத்திரமும் இல்லை, தோல்வியாளரும் இல்லை. கூலிக்கு ஊர் ஊராகப் போகும் கைவினைஞரைப் போன்ற வாழ்க்கை.

டிக்கி 2001இல்தான் முதன்முதலாக மேஜர் லீக்கில் பந்து வீசினார். ரேஞ்சர்ஸ், மில்வாக்கியின் மைனர் லீக் அணி, சியாட்டல், மினசோட்டா என்று அலைந்தார். 2009 முடிவில், 34 வயதைத் தாண்டியபோது, மேஜர் லீக்கில் அவருடைய கணக்கு 22 வெற்றி, 28 தோல்வி. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய் வேறு வேலை தேடியிருப்பார்கள்.

இதற்கிடையே, 2005ஆம் ஆண்டு ஒரு திருப்பம் வந்திருந்தது. வயது முப்பதை எட்டியதும் அவருடைய பந்தின் வேகம் குறையத் தொடங்கியது. ரேஞ்சர்ஸ் அணியின் மேலாளர் பக் ஷோவால்டரும் பந்துவீச்சுப் பயிற்றுநர் ஓரல் ஹெர்ஷைசரும் அவரை அழைத்துப் பேசினார்கள். சாதாரணப் பந்துவீச்சாளராக இனி மேலே வர முடியாது, முழுநேர 'நக்கிள்பால்' வீரராக மாறுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன யோசனை.

அது என்ன நக்கிள்பால்? அதைப் புரிந்துகொள்ள, முதலில் சாதாரணப் பந்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சுழலும் பந்து

பேஸ்பாலில் வீசுபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் நிற்கும் தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர் தூரம். வீசுபவர் ஓர் எட்டு முன்னால் வைத்துத்தான் பந்தை விடுவார் என்பதால் பந்து பறக்கும் தூரம் ஏறக்குறைய 17 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு சுமார் 42 மீட்டர். ஆகவே பந்து வந்து சேர எடுக்கும் நேரம் சுமார் 0.4 வினாடி.

மட்டையைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 வினாடி ஆகிவிடும். எனவே பந்து பாதி தூரம் வருவதற்குள் அடிக்கலாமா வேண்டாமா, எங்கே அடிப்பது என்று மட்டையாளர் முடிவு செய்துவிட வேண்டும். அதாவது அவர் பந்தைப் பார்த்து அடிப்பதில்லை. பந்து எங்கே இருக்கும் என்று கணித்து அடிக்கிறார்.

அந்தக் கணிப்புக்கு உதவுவது சுழற்சி. வேகப்பந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,300 முறை பின்னோக்கிச் சுழலும். வினாடிக்கு 38 சுற்று. 0.4 வினாடியில் சுமார் 15 சுற்று. இப்படிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுத்துக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்று பந்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர்.

ஈர்ப்புவிசை மட்டும் இருந்தால் 0.4 வினாடியில் பந்து எவ்வளவு விழும்? அரை பெருக்கல் 10 பெருக்கல் 0.4இன் வர்க்கம், விடை 0.8 மீட்டர். மேக்னஸ் விளைவு அதில் ஏறக்குறைய பாதியை ஈடுசெய்துவிடுகிறது. சுழற்சியின் அச்சைச் சாய்த்தால் பந்து பக்கவாட்டிலும் வளையும். கால்பந்தில் சுவரைச் சுற்றி வளைந்து போகும் ஃப்ரீ கிக் இதே விதிதான்.

முக்கியமான விஷயம் இது: சுழலும் பந்தின் பாதை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. அச்சு எந்தப் பக்கமோ அதற்கேற்ற பக்கம்தான் விசை. ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பழகிய மட்டையாளரின் மூளை அந்த ஒழுங்கைக் கற்று வைத்திருக்கிறது.

சுழலாத பந்து

இப்போது அந்தச் சுழற்சியை எடுத்துவிட்டால்?

பேஸ்பால் பந்து வழவழப்பானது அல்ல. தோல் துண்டுகள் இரண்டை 108 இரட்டைத் தையல்களால் இணைத்துச் செய்கிறார்கள். தையல் சற்று மேடாக இருக்கும். பறக்கும் பந்தின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப்படலம் ஒன்று செல்கிறது. ஓர் இடத்தில் அந்தப் படலம் பந்தை விட்டு விலகி, பின்னால் கலங்கிய காற்றாக நீள்கிறது. ஓடும் படகுக்குப் பின்னால் கலங்கிய நீர் ஒரு வால் போல நீள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் போல.

பந்து வேகமாகச் சுழன்றால் தையல் எல்லாப் பக்கமும் மாறி மாறி வந்து, அதன் தனித்தனி விளைவுகள் பெரும்பாலும் சமமாகிவிடும். பந்து கிட்டத்தட்ட சுழலாமல் வந்தால் அப்படிச் சமமாவதில்லை. ஒரு பக்கத்தில் காற்று முன்னதாகவே விலகும். மறுபக்கத்தில் தாமதமாக விலகும். காற்று வால் ஒரு பக்கமாகச் சாயும். காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படும். எந்தப் பக்கம்? அந்தக் கணத்தில் தையல் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்தது. தையலின் இடம் சிறிது மாறினாலே விசையின் திசை மாறிவிடும். 1975இல் ராபர்ட் வாட்ஸ், எரிக் சாயர் என்ற இரு ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் பந்தைப் பொருத்தி, சிறிது சிறிதாகத் திருப்பி, இந்தப் பக்கவாட்டு விசையை அளந்து காட்டினார்கள்.

நக்கிள்பால் என்பது இதுதான். மட்டையாளரை அடையும் வரை பந்து ஒரு சுற்று அளவுக்கே சுழல வேண்டும். நக்கிள் என்றால் விரல் முட்டி. தொடக்கக் காலத்தில் முட்டியால் பிடித்து வீசியதால் இந்தப் பெயர். இப்போது பெரும்பாலானவர்கள் விரல் நுனியை, குறிப்பாக நகத்தைப் பந்தில் ஊன்றித்தான் பிடிக்கிறார்கள். டிக்கிக்கு நக அரம் ஒரு தொழிற்கருவி. நகம் உடைந்தால் பந்துவீச்சும் போச்சு!

பந்தைச் சுழல விடாமல் வீசுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? வேகப்பந்தின் சுழற்சி வினாடிக்கு 38. நக்கிள்பாலுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 2. கையை அவ்வளவு வேகமாக வீசிவிட்டு, மணிக்கட்டை விறைப்பாக வைத்து, எல்லா விரல்களையும் ஒரே கணத்தில் எடுக்க வேண்டும். ஒரு விரல் சற்றே தாமதித்தாலும் அது பந்தை உருட்டிவிடும். உருண்டால் காற்றின் விளையாட்டு நின்றுவிடும். பிறகு அது நேராக, மெதுவாக வரும் ஒரு சாதாரணப் பந்து. மட்டையாளருக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த விருந்து.

அந்த விருந்து 2006 ஏப்ரல் 6ஆம் தேதி நடந்தது. நக்கிள்பால் வீரராக டிக்கி தொடக்கப் பந்துவீச்சாளராக இறங்கிய முதல் மேஜர் லீக் ஆட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணி அவர் பந்தில் ஆறு ஹோம் ரன் அடித்தது. ஒரே ஆட்டத்தில் ஒரு வீரர் விட்டுக்கொடுத்த ஹோம் ரன்களில் நவீனக் காலச் சாதனையை அது சமன் செய்தது. உடனே மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். அதன் பின் 2008 வரை மேஜர் லீக்கில் அவருக்கு இடமில்லை.

2008இலும் சோதனை தீரவில்லை. சியாட்டல் அணிக்காக ஆடியபோது ஒரே இன்னிங்ஸில் நான்கு பந்துகள் கட்டுமீறிப் போய், பிடிப்பவரால் நிறுத்த முடியாமல் ஆனது. அதுவும் ஒரு சாதனைச் சமன்தான்! மட்டையாளருக்குத் தெரியாத பாதை பிடிப்பவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? நக்கிள்பாலைப் பிடிப்பவர்கள் வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போடுவது இதனால்தான்.

பந்து உண்மையில் நெளிகிறதா?

நக்கிள்பாலை எதிர்கொண்டவர்கள் காலங்காலமாக ஒன்றைச் சொல்வார்கள்: பந்து வண்ணத்துப்பூச்சியைப் போல இப்படியும் அப்படியுமாக நெளிந்து வருகிறது. இது சாட்சியம். அறிவியலில் சாட்சியத்தை அளந்து பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பெரிய அரங்கங்களில் ஒவ்வொரு பந்தின் பாதையையும் பதிவு செய்யும் கேமராக்கள் பொருத்தப்பட்ட பிறகு அதற்கு வழி பிறந்தது. இலினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நாதன், டிக்கி உள்ளிட்ட நக்கிள்பால் வீரர்களின் பாதைகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார். அந்த அளவீட்டின் துல்லியத்துக்குள், நக்கிள்பாலின் பாதை மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே சீரான வளைவாகத்தான் இருந்தது. இடையில் நெளிவு சுளிவு தென்படவில்லை.

அப்படியானால் மட்டையாளர்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? வேறுபாடு ஒரு பந்துக்குள் இல்லை. பந்துக்கும் பந்துக்கும் இடையில் இருக்கிறது. ஒரே மாதிரி வீசப்பட்ட இரண்டு நக்கிள்பால்களில் ஒன்று இடப்பக்கம் போகும், அடுத்தது வலப்பக்கம் போகும், மூன்றாவது திடீரென விழும். முன்கூட்டியே கணிக்க வழியில்லை. கணித்துவிட்ட மூளைக்கும் வேறு இடத்துக்கு வரும் பந்துக்கும் இடையிலான வித்தியாசத்தையே கண்கள் நெளிவாகக் காண்கின்றன என்று கருத இடமிருக்கிறது. கண்ணால் கண்டதும் தரவு சொல்வதும் வேறுபடும்போது, கண்டவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவர் உணர்ந்தது உண்மை. அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் வேறு.

பழைய கைகளின் பாடம்

ஆறு ஹோம் ரன்னுக்குப் பிறகும் டிக்கி விடவில்லை. ஆனால் வெறும் பிடிவாதத்தோடு நின்றுவிடவும் இல்லை. நக்கிள்பால் வீசியவர்கள் மிகச் சிலரே. அவர்களைத் தேடிப் போய்க் கற்றார். ஓய்வுபெற்ற சார்லி ஹஃப் அவருடைய பிடியைத் திருத்தினார். முதியவர் ஃபில் நீக்ரோ நேரில் பயிற்சி கொடுத்தார். எதிரணியான பாஸ்டன் ரெட் சாக்ஸில் அப்போது ஆடிக்கொண்டிருந்த டிம் வேக்ஃபீல்டும் நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். எதிரணிக்காரருக்கு யாராவது தொழில் ரகசியம் சொல்வார்களா? இந்தக் கலை அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறை அவர்களை அப்படிச் செய்ய வைத்தது.

இந்த வீரர்கள் ஆடிய வயதைப் பாருங்கள். வேக்ஃபீல்ட் 45 வரை, ஹஃப் 46 வரை, நீக்ரோ 48 வரை, அவர்களுக்கு முந்திய ஹோய்ட் வில்ஹெல்ம் 49 வரை. முழு வேகத்தில் வீச வேண்டியதில்லை என்பதால் நக்கிள்பால் வீரர்கள் நீண்ட காலம் ஆட முடிகிறது.

டிக்கி அவர்களிடம் கற்றதை அப்படியே திரும்பச் செய்யவில்லை. வேக்ஃபீல்டின் பந்து மணிக்கு சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும். டிக்கி சுழற்சியைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் 120 முதல் 130 கிலோமீட்டர் வரை உயர்த்தினார். மாறி ஒன்றை மாற்றி, மற்றதை மாறாமல் வைத்திருப்பது நாம் ஆய்வுக்கூடத்தில் செய்வதுதானே! பந்து வேகமாக வருவதால், மட்டையாளர் திருத்திக்கொள்ளும் நேரம் இன்னும் சுருங்கியது.

2010இல் நியூயார்க் மெட்ஸ் அணி அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. மே மாதம் மேலே அழைத்தது. 11 வெற்றி, 9 தோல்வி. 2012இல் உச்சம். 20 வெற்றி, 6 தோல்வி. 230 மட்டையாளர்களை அடிக்க விடாமல் வெளியேற்றினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 2.73 ஓட்டம் மட்டுமே. ஜூனில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரே ஒரு 'ஹிட்' மட்டும் கொடுத்தார். ஆண்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் 32 முதலிட வாக்குகளில் 27 அவருக்கு விழுந்தன. 1956இல் தொடங்கிய அந்த விருதைப் பெற்ற முதல் நக்கிள்பால் வீரர் அவர். அப்போது அவருக்கு வயது 38.

பின்னர் டொரோண்டோ, கடைசியாக அட்லாண்டா. 2017இல் 42 வயதில் ஆட்டத்தை முடித்தபோது மொத்தக் கணக்கு 120 வெற்றி, 118 தோல்வி. ஏறக்குறைய சரிபாதி. அந்த ஓர் ஆண்டின் உச்சத்தை அவர் மறுபடி தொடவில்லை. ஆனாலும் 'உடைந்துபோகும்' என்று சொல்லப்பட்ட கை இருபது ஆண்டுக்கு மேல் பந்து வீசியிருந்தது.

ஸ்கேன் சொன்னதும் சொல்லாததும்

'முயன்றால் முடியும்' என்று இந்தக் கதையை ஒரே வரியில் முடித்துவிடலாம். அறிவியல் மாணவர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும்.

1996இல் எடுத்த ஸ்கேன் தவறா? இல்லை. பிணைநார் இல்லை என்று அது சொன்னது, அது உண்மை. ஆனால் ஸ்கேன் காட்டுவது உறுப்பின் அமைப்பை. அந்தக் கை எப்படிச் செயல்படும், எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வேறு கேள்வி. மணிக்கட்டுத் தசைநாண் சோதனையில் நாம் பார்த்தது நினைவிருக்கிறதா? இல்லாத ஒன்றின் வேலை வேறு வழியில் நடந்துகொண்டிருக்கலாம். அணியின் பயம் நியாயமானது. அது ஒரு சாத்தியம் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

அதே நியாயம் மறுபக்கத்துக்கும் பொருந்தும். டிக்கி ஒருவர் பிணைநார் இல்லாமல் ஆடினார் என்பதால் அது தேவையற்ற உறுப்பு ஆகிவிடாது. அது கிழிந்த பலர் வலியால் வீச முடியாமல் அறுவைக்குப் போயிருக்கிறார்கள். ஒரே ஒருவரின் அனுபவத்தை எல்லாருக்கும் விதியாக்க முடியாது. அதுபோல, நக்கிள்பாலை முயன்று, ஒரு நாளும் மேலே வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. வென்றவரை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது, பாதித் தரவை வைத்து வரைபடம் போடுவது போலத்தான்.

பூப்பந்து, சாஃப்ட்பால், கிரிக்கெட் என எதை ஆடினாலும், முழங்கையிலோ தோளிலோ வலி தொடர்ந்து இருந்தால் மறைக்காதீர்கள். 'போட்டி முடியட்டும்' என்று தள்ளிப்போடாமல் பயிற்றுநரிடமும் பெற்றோரிடமும் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். வளரும் வயதில் எலும்பும் மூட்டும் இன்னும் முழுமை அடையாதவை. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

திடலில் ஒரு சோதனை

சுழலாத பந்தைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். பள்ளியில் ஒரு கைப்பந்து போதும். உள்ளங்கையை விறைப்பாக வைத்து, பந்தின் நடுவில் சட்டென்று அடித்து, கையை அங்கேயே நிறுத்துங்கள். பந்து சுழலாமல் மிதந்து போகும். அடுத்து, கையைப் பந்தின் மேல் இழுத்து, முன்னோக்கிச் சுழலும்படி அடியுங்கள். ஒவ்வொரு வகையிலும் இருபது முறை சர்வீஸ் செய்து, பந்து விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியின் 'ஸ்லோ மோஷன்' பதிவில் சுற்றுகளை எண்ணட்டும். அடியின் வேகத்தை முடிந்தவரை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வகைக் குறிகள் நெருக்கமாக இருக்கின்றன? எவை சிதறிக் கிடக்கின்றன? அந்தச் சிதறல் முழுவதும் காற்றின் வேலையா, உங்கள் கையின் தடுமாற்றமும் அதில் கலந்திருக்கிறதா? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு விடை தேடத் தொடங்கினால், நீங்கள் செய்துகொண்டிருப்பது விளையாட்டு மட்டுமல்ல. காற்றுச் சுரங்கத்தில் பந்தைத் திருப்பித் திருப்பி அளந்த அந்த இரு ஆய்வாளர்கள் செய்த அதே வேலை.